உன் அப்பாவின் ஒன்றரைக் கிலோ

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இப்போது உனக்கு மூன்று வயது. அல் ஐனில் நம் வாடகை அறையில், ஏசியின் இரைச்சலுக்குக் கீழே, கட்டிலின் குறுக்காகப் படுத்து மத்தியானத் தூக்கம் தூங்குகிறாய். அடுத்த வியாழக்கிழமை நாம் மூன்று பேரும் ஊருக்குப் போகிறோம். லீவுக்கு அல்ல. உன் அப்பாவின் விசாவை கேன்சல் செய்தாகிவிட்டது. மூன்று அட்டைப் பெட்டிகள் பாதி நிரம்பிச் சுவரோரம் நிற்கின்றன. நீ தூங்கும் இந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. பெட்டியில் வைக்க வேண்டியதை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உடம்பு அசதியாக இருக்கிறது. இருந்தாலும் இதை இங்கேயே எழுதிவிட வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நான் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் உன்னிடம் சொல்லப்போகிற கதை வேறு. "உங்கப்பன் கால்ல கை வச்சா முதலை கவ்வுன மாதிரில. உள்ள வந்தவன் வெளிய போனதா சரித்திரமே கிடையாது" என்பார்கள். அது உண்மைதான். "அரபு நாட்டு வெயிலு அவன் உடம்பத் தின்னுட்டு" என்பார்கள். அது பாதி உண்மை. பிறகு உன் தோளையும் தொடையையும் தட்டிப் பார்த்து, உன்னையும் கபடிக் களத்தில் இறக்குவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போதே நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு "கபடி கபடி" என்று கட்டிலிலிருந்து சுவர்வரை போய்த் தொட்டுவிட்டு வருகிறாய். உன் அப்பா கையைத் தட்டுகிறார். ஆடு. ஆனால் ஆடப் போவதற்கு முன் மீதிப் பாதியையும் தெரிந்துகொள். அதில் நான் இருக்கிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ வளரும்போது நான் இதையெல்லாம் பேசியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அம்மா பீடி சுற்றித்தான் என்னை பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வைத்தாள். வகுப்பில் மூன்று வருடமும் நான் வாய் திறந்து கேள்வி கேட்டதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஆனால் ஆய்வகத்தில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அளவைச் சரியாகப் பார்த்துச் சொல்வேன். "இந்தப் பிள்ளைக்கு ரீடிங் தப்பாது" என்று அங்கே வேலை பார்த்த அட்டெண்டர் ஒருமுறை சொன்னார். அதை ஒரு மெடல் போல வைத்திருந்தேன். பேசத் தெரியாதவளுக்குப் பார்க்கவாவது தெரிகிறதே என்று ஒரு பெருமை.

உன் அப்பாவின் ஆட்டம் அவருடைய பதினாறு வயதில் தொடங்கியது. ஊர் அணியில் இடது கார்னர். பாடி வருகிறவன் உள்ளே நுழையும்போது ஓரமாக, அசையாமல், பாதிக் கண் மூடியவர் போல நிற்பார். வந்தவன் திரும்பும் நொடியில் கணுக்காலைப் பிடித்துவிடுவார். கோயில் கொடை நடக்கிற ஊரெல்லாம் போட்டி நடக்கும். பரிசாகக் கிடா, பித்தளை அண்டா, ஒருமுறை இரும்பு பீரோ. பக்கத்து ஊர் மில் ஒன்று அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வேலை பெயருக்குத்தான், மில் அணிக்கு ஆடுவதுதான் காரியம். மூன்று வருடம் ஆடினார். மில் மூடியது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம் பின்தங்கி வேலையைத் தவறவிட்டார். அப்போதுதான் இங்கே கட்டடக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த நம் பக்கத்துக்காரர் ஒருவர் லீவில் வந்து அவர் ஆட்டத்தைப் பார்த்தார். கம்பெனியில் நம்மூர்ப் பையன்கள் நிறைய. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் கேம்ப்புக்கும் கேம்ப்புக்கும் போட்டி. "சாரம் கட்டத் தெரியுமால?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாது" என்றிருக்கிறார் உன் அப்பா. "கால் பிடிக்கத் தெரியும்லா, அது போதும்." விசா வந்துவிட்டது.

சாரம் கட்டவும் கற்றுக்கொண்டார், ஃபோர்மேனும் ஆனார். அதனால்தான் குடும்ப விசா கிடைத்து நான் இங்கே வந்தேன். வெள்ளிக்கிழமை ஆட்டம் அவருக்கு இரண்டாவது வாழ்க்கை. வண்டியில் ஒன்றரை மணி நேரம் போய், துபாயின் சோனாப்பூரில் கேம்ப்புகளுக்கு நடுவே உள்ள மண் திடலில் சுண்ணாம்புக்கோடு போட்டு ஆடுவார்கள். சுற்றிலும் லுங்கியும் பனியனுமாக ஆயிரம் பேர் நிற்பார்கள். நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். பெண்கள் யாரும் இல்லாததால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன். வாரம் முழுக்க "டேய் மதராஸி", "ஜல்தி ஜல்தி" என்று அதட்டல் வாங்குகிற மனிதர்கள், உன் அப்பா ஒருவனை மடக்கியதும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓரத்தில் போய் நின்றார். அந்த நடையை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

இனிதான் எடை விஷயம். போட்டிகளுக்கு எடை வரம்பு உண்டு. இங்கே எழுபத்தைந்து கிலோ. வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்துப் பார்ப்பார்கள். உள்ளேயா வெளியேயா என்று மட்டும் சொல்வார்கள், எண்ணைச் சொல்வதில்லை. ஒரு நூறு கிராம் கூடினாலும் வெளியே. உன் அப்பா கல்யாணத்துக்குப் பிறகு எழுபத்தெட்டுக்குப் போய்விட்டார். "உன் குழம்புக்கு யாராவது எட வரம்பு போடணும்ட்டி" என்பார். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன் உடம்பை வற்றவைப்பார்கள். செவ்வாய்க்கிழமை முதல் உப்பு இல்லை. புதன்கிழமை அரைச் சோறு. வியாழக்கிழமை தண்ணீர் இல்லை. வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. சட்டைக்குள் பாலித்தீன் தாளைச் சுற்றிக்கொண்டு டூட்டிக்குப் போவார்கள். அணியில் எல்லோரும் இதைச் செய்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வற்றவைக்காதவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வையே போதும்.

வியாழக்கிழமை மாலை எடை பார்க்க அவர்கள் வருவது நான் வேலை பார்த்த கடைக்கு. கீழக்கரைக்காரர் ஒருவரின் அரிசி மொத்த விற்பனைக் கடை. அவர்கள் பக்கம் அண்ணனைச் சொல்வது போல அவரை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிடங்கின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டெலிவரி நோட் டைப் செய்வது என் வேலை. உன்னைப் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி பார்த்துக்கொள்வாள். கிடங்கின் நடுவே மூட்டை நிறுக்கும் பெரிய எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. பையன்கள் பனியனோடு வரிசையாக அதில் ஏறுவார்கள். எண்ணைப் படிப்பது நான். அது எப்படி என் வேலையானது என்று நினைவில்லை. "மதினி படிச்சா கரெக்டா இருக்கும்" என்று சுடலை ஆரம்பித்து வைத்தான். உன் அப்பாவோடு ஆடுகிறவன், எப்போதும் சிரிக்கிறவன், பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன் தராசு காலியாக இருக்கும்போது சுழி, அதாவது பூஜ்யம், காட்டுகிறதா என்று பார்ப்பேன். காட்டும். பிறகு படிப்பேன். அத்தனை ஆண்கள் நடுவில் கூச்சமில்லாமல் நான் பேசியது அந்த எண்களை மட்டும்தான்.

எண்ணைத் தவிர மற்றதும் என் கண்ணில் பட்டது. அவர் உதடு வெடித்திருந்ததும், பாத்ரூமில் அவர் போன மூத்திரம் பால் ஊற்றாத கட்டஞ்சாயா நிறத்தில் இருந்ததும், வியாழக்கிழமைகளில் என் பெயருக்குப் பதில் உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதும். எல்லாவற்றையும் பார்த்தேன். சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் "இது தேவையா?" என்றேன். "சீசன் முடியட்டும்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று மே மாதம், சீசனின் கடைசிப் போட்டிக்கு முந்திய நாள். மதியத்தோடு டூட்டி முடித்து மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். உன் அப்பா தராசில் ஏறினார். எழுபத்தாறு இருநூறு. மறுபடி சுழி பார்த்தேன், மறுபடி ஏறினார். அதே எண். "எழுபத்தாறு இருநூறு" என்று படித்தேன். "கேப்டனுக்கே கொழுப்பாண்ணே?" என்றான் சுடலை. எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். சுடலையிடம் பிக்கப் சாவியை வாங்கினார். பாலித்தீனுக்கு மேல் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். எஞ்சினைப் போடவில்லை. ஏசி இல்லாமல் வியர்ப்பதற்காகத்தான் ஏறினார்.

என் கண்ணாடித் தடுப்பிலிருந்து அந்த வண்டி நேராகத் தெரியும். முதல் கால் மணி நேரம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். ஒருமுறை தலையைத் தூக்கிக் கிடங்குப் பக்கம் பார்த்தார். பையன்கள் வாசல் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். எழுந்து வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தால் போதும். என்னவென்று கொடுப்பது? வீட்டில் "ஏங்க" என்பேன், அதுவும் பக்கத்தில் போய். முற்றத்தைத் தாண்டி, எட்டுப் பேர் முன்னால், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி "ஏங்க" என்று கத்த முடியுமா? அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் பெண்கள் சொல்வதில்லை. பி.எஸ்சி. படித்தும் எனக்கு அது மாறவில்லை. கேப்டனைப் பெண்டாட்டி வந்து இறக்கிக் கூட்டிப் போனாள் என்று வருடக்கணக்கில் சிரிப்பார்களே என்றும் யோசித்தேன். இதையெல்லாம் யோசித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் தலை பக்கவாட்டில் சரிந்தது. நான் ஓடினேன். என் முகத்தைப் பார்த்துத்தான் பையன்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இயந்திரத்தில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். பிழைத்தார். சிறுநீரகங்கள் பாதிதான் திரும்பி வந்தன. இனி ஆட்டம் கூடாது, வெயிலில் வேலை கூடாது என்றார் டாக்டர். சாரம் கட்டுகிறவருக்கு வெயில் இல்லாத வேலை எங்கே இருக்கிறது? பத்து மாதம் கம்பெனி ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள். அதுவே அவர்கள் செய்த பெரிய உதவி. இப்போது புது வேலைகள் இல்லை என்று ஆட்களைக் குறைக்கிறார்கள். "கலாஸ் பாய்", எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருட ஆட்டமும் ஸ்டோரில் ஆணி எண்ணிக் கொடுப்பதில் வந்து முடிந்தது.

இதுவரை சொன்னது அணியில் எல்லோருக்கும் தெரியும், நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடத்தைத் தவிர. இனிச் சொல்வது யாருக்கும் தெரியாது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது வாரம் தராசைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பெஷாவர்க்காரர், வயதானவர். பெட்டியிலிருந்து இருபது கிலோ இரும்புப் படிக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தார். இருபது நானூறு என்று காட்டியது. நாற்பது வைத்தார். நாற்பது எண்ணூறு. "இது எத்தனை நாளாக இப்படி, மகளே?" என்று இந்தியில் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே கணக்கு ஓடிவிட்டது. நூற்றுக்கு இரண்டு. எழுபத்தைந்துக்கு ஒன்றரைக் கிலோ. அன்று உன் அப்பாவின் உண்மையான எடை எழுபத்துநான்கு எழுநூறு. அவர் வண்டியில் ஏறவே வேண்டியதில்லை. அதற்கு முந்திய எத்தனையோ வியாழக்கிழமைகளிலும் அந்தக் கடைசிச் சொட்டுத் தண்ணீரை அவர் குடித்திருக்கலாம்.

யாரும் ஏமாற்ற வைத்த தராசு அல்ல அது. மூட்டைகளைத் தொப்பென்று போட்டுப் போட்டுக் கெட்டது. ஆனால் எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இருபது கிலோ என்று அச்சடித்த ஒவ்வோர் அரிசி மூட்டையும் அதில் இருபதரைக்குப் பக்கத்தில் காட்டியதை நான் தினமும் பார்த்தேன். மூட்டைப் பையின் எடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளாஸ்டிக் சாக்கு அரைக்கிலோ இருக்காது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலாளியிடம் போய் உங்கள் தராசு தப்பு என்று எப்படிச் சொல்வது என்று கூச்சம். காலியாக இருக்கும்போது சுழி காட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன். கருவியைச் சரிபார்த்த பிறகுதான் அளவு எடுக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த முதல் பாடம்.

தராசு சரியான பிறகு, சீசன் முடிந்திருந்தும் பழக்கத்தில் பையன்கள் எடை பார்க்க வந்தார்கள். எல்லோருக்கும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. என்னைக் கூட்டிப் போக வந்த உன் அப்பா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நீரு களத்த விட்டுப் போனதும் எங்க எடையும் உம்ம கூடவே போயிட்டுண்ணே" என்றான் சுடலை. "நான் ஒண்ணும் செத்துப் போகலல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்க வேண்டும். பத்து மாதம் சொல்லவில்லை. அவர் தன் உடம்புதான் தன்னைக் கைவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "எனக்கு மட்டும் என்னமோ எறங்கல" என்று சில சமயம் சொல்வார். நான் சோறு போட்டுக்கொண்டிருப்பேன்.

இவ்வளவும் எழுதி மூன்று நாள் ஆகிறது. காகிதத்தை உன் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று ஒன்று நடந்தது, அதையும் சேர்க்கிறேன்.

ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏர்போர்ட்டில் அவமானப்படாமல் இருக்கப் பெட்டியை முன்கூட்டியே ஏதாவது கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். நாங்களும் நேற்று மதியம் மூன்று பெட்டிகளையும் சுடலையின் பிக்கப்பில் காக்கா கிடங்குக்குக் கொண்டு போனோம். நீ சேச்சி வீட்டில் இருந்தாய். வெள்ளிக்கிழமைப் போட்டிகளில் அவர் ஜெயித்த கோப்பைகள் இருந்த பெட்டி முப்பத்திரண்டு காட்டியது. முப்பதுதான் விடுவார்கள். உன் அப்பா கயிற்றை அவிழ்த்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஊருக்கு வாங்கியிருந்த பால்பவுடர் டப்பாவை எடுக்கவில்லை. நான்காவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மாதான் கேட்டார்: "இந்தத் தராசு சரியாத்தான் காட்டுதா?"

"இப்ப சரியா காட்டும். அன்னைக்குக் காட்டல" என்றேன்.

"எந்த அன்னைக்கு?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரும்புப் படிக்கல், அரிசி மூட்டை, எழுபத்துநான்கு எழுநூறு. அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"அப்போ நான் லிமிட்டுக்குள்ளதான் இருந்திருக்கேன்."

"ஆமா."

"எத்தன வருசமா?"

"தெரியல. நான் வந்ததுல இருந்தேகூட இருக்கலாம்."

தராசைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வியாழக்கெழம வியாழக்கெழம பரோட்டாக் கடையத் தாண்டும்போது மூக்கப் பொத்திட்டுப் போயிருக்கேனேட்டி. தின்னே தொலைச்சிருக்கலாமே!" கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "சுடலைகிட்ட சொல்லிராத. தராசச் செருப்பால அடிப்பான்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாதியோடு நிறுத்துவது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"இன்னுமா?"

"நீங்க வண்டியில ஏறினதுல இருந்து நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நாப்பது நிமிசம்."

அவர் சிரிப்பு நின்றது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இந்தப் பத்து மாதமாக அவர் முகத்தில் இருக்கிற அதே அசதிதான் இருந்தது.

"ஏன் கூப்பிடல?"

"பசங்க நின்னாங்க. என்னன்னு கூப்பிட?"

"பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான."

அவர் கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தார். "உள்ள இருக்கும்போது எனக்கு முடியலட்டி. யாராவது வந்து கதவத் தட்டமாட்டாங்களான்னுதான் இருந்துச்சு. நானா எறங்கினா அசிங்கம். அவனுவ பார்த்துட்டு இருந்தானுவ. நீ கூப்பிட்டிருந்தா எறங்கியிருப்பேன்." இதைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

மகனே, உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். எடையை இறக்காதே என்று சொன்னால் நீ கேட்பாயா, தெரியவில்லை. உன் வயதில் உன் அப்பா யார் சொல்லியும் கேட்டவரில்லை. நீ கண்ணாடி ஏற்றிய எந்த வண்டிக்குள்ளாவது உட்கார்ந்திருந்தால், யாரும் கூப்பிடாமலே இறங்கிவிடு. அது அசிங்கமில்லை. நீ வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவனாக இருந்தால், நான் யோசித்ததைப் போல நாற்பது நிமிடம் யோசிக்காதே. என்னைப் போல் உனக்கும் பேச்சு வராமல் போகலாம் என்ற பயம் எனக்கு உண்டு. இப்போதே யாராவது வீட்டுக்கு வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறாய்.

நேற்று நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் வெளியே போன பிறகு நான் பெட்டியை மறுபடி கட்டினேன். இரண்டு கோப்பைகளை மட்டும் உன் ஸ்வெட்டருக்குள் சுற்றி உள்ளே வைத்தேன். முப்பது சரியாக வந்தது. கயிறு பாதியில் தீர்ந்துவிட்டது. வாசலுக்கு வந்தேன். அவர் முற்றத்தில் சுடலையின் பிக்கப்பில் உட்கார்ந்திருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எங்களோடு வந்த சுடலையும் அணிப் பையன்கள் நான்கு பேரும் காக்காவுக்கு ஒத்தாசையாக லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் பெயரைச் சொன்னேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை, முற்றத்துக்கே கேட்கிற மாதிரி, முழுப்பெயரும் வந்துவிட்டது. சுடலை தோளில் இருந்த மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான். யாரோ "ஏ, மதினி!" என்றார்கள்.

உன் அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"கயிறு பத்தல" என்றேன்.

அவர் இறங்கி வந்தார்.